ஒரே உலோகத்துக்கு மூன்று விடை: 18, 12, 27

கேள்வி:

ஐயா, நான் பிளஸ் ஒன் தமிழ் வழியில் படிக்கிறேன். மோல் கணக்கு புரிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரத் தேர்வில் இப்படி ஒரு கணக்கு வந்தது: "ஓர் உலோகத்தின் ஆக்சைடில் இரண்டு உலோக அணுக்களுக்கு மூன்று ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. 10.2 கிராம் ஆக்சைடில் 5.4 கிராம் உலோகம் இருக்கிறது. உலோகத்தின் அணு எடை என்ன?" முதலில் 18 வந்தது. அடித்துவிட்டு மறுபடி போட்டேன், 12 வந்தது. விடைக்குறிப்பில் 27. நடுவில் அவகாட்ரோ எண்ணால் பெருக்கி, பிறகு அதாலேயே வகுத்து இரண்டு பக்கம் வீண். டியூஷன் அண்ணா "சமான எடை 9, இணைதிறன் 3, பெருக்கினால் 27, முடிந்தது" என்கிறார். ஏன் அப்படி என்று கேட்டால் "அது ஃபார்முலா" என்கிறார். ஆவர்த்தன அட்டவணையிலோ 26.98 என்று இருக்கிறது. விடைக்குப் பின்னால் கிராம் போடலாமா? இன்னொரு சந்தேகம்: மூலக்கூறு வாய்பாடே தெரியாத காலத்தில் அணு எடையை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

- ஒரு மாணவி, விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

அடித்த விடைகளையும் சேர்த்து எழுதி அனுப்பினாயே, அதற்கு முதலில் நன்றி. பெரும்பாலான கடிதங்களில் சரியான விடை மட்டும் இருக்கும், எங்கே தடுக்கியது என்று எனக்குத் தெரியாது. உன் 18-ம் 12-ம் எப்படி வந்திருக்கும் என்று கடிதத்தைப் படித்தவுடனே தெரிந்துவிட்டது.

10.2-இல் 5.4 போனால் ஆக்சிஜன் 4.8 கிராம். அதை ஆக்சிஜனின் அணு எடையான 16-ஆல் வகுத்தால் 0.3 மோல் (மோல் என்பது டஜன் மாதிரி, அணுக்களை எண்ணும் ஒரு கட்டு). இதுவரை நீ சரியாகத்தான் போட்டிருப்பாய். அடுத்து, உலோகமும் 0.3 மோல்தான் என்று எடுத்துக்கொண்டு 5.4-ஐ 0.3-ஆல் வகுத்திருக்கிறாய். 18 வந்தது. 'இரண்டுக்கு மூன்று' என்று கொடுத்திருந்தார்களே என்று பிறகு நினைவு வந்திருக்கும். உடனே 0.3-ஐ மூன்றால் பெருக்கி இரண்டால் வகுத்தாய், 0.45. அதனால் 5.4-ஐ வகுத்தால் 12. செய்திருக்க வேண்டியது நேர் எதிர்: 0.3-ஐ இரண்டால் பெருக்கி மூன்றால் வகுத்தால் 0.2. 5.4-ஐ 0.2-ஆல் வகுத்தால் 27.

மூன்று முறையும் 5.4 கிராம் அப்படியேதான் இருந்தது. மாறியது அணுக்களின் எண்ணிக்கை மட்டும். இத்தனை வருடமாக விடைத்தாள் திருத்துகிறேன், அணு எடைக் கணக்கில் எடையைத் தப்பாகப் போட்டவர்கள் சொற்பம். எண்ணிக்கையில்தான் எல்லோரும் வழுக்குவார்கள். எடையைத் தராசு சொல்லிவிடும். எண்ணிக்கையைச் சொல்ல எந்தக் கருவியும் உன் மேசையில் இல்லை. அதைப் பக்கத்திலிருக்கும் தனிமத்திடம் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும். இந்தக் கணக்கில் கடன் கொடுப்பது ஆக்சிஜன்.

ஒரு கல்யாண வீட்டுக்குப் போவோம். தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பைக்கு இரண்டு விரலி மஞ்சள், மூன்று கொட்டைப் பாக்கு. எல்லாம் போட்டு முடித்த பிறகு ஒரு பெரியவர் வந்து, "ஒரு மஞ்சள் எத்தனை கிராம்?" என்கிறார். பைகளைப் பிரித்து எண்ணக் கூடாது. மொத்த மஞ்சள் 540 கிராம், மொத்தப் பாக்கு 2,400 கிராம் என்று மளிகைச் சீட்டில் இருக்கிறது. ஒரு பாக்கு 8 கிராம் என்று முன்பே தெரியும். நீ என்ன செய்வாய்? 2,400-ஐ 8-ஆல் வகுத்து 300 பாக்கு என்பாய். பைக்கு மூன்று, ஆகவே 100 பை. பைக்கு இரண்டு மஞ்சள், ஆகவே 200 மஞ்சள். 540-ஐ 200-ஆல் வகுத்தால் 2.7 கிராம். மஞ்சளை நீ தொடவே இல்லை, பாக்கை வைத்து எண்ணிவிட்டாய். இதையே ஆய்வகத்தில் செய்தால் மோல் கணக்கு என்கிறோம். பாக்கின் இடத்தில் ஆக்சிஜன், ஒரு பாக்கு 8 கிராம் என்பதன் இடத்தில் 16.

பையை நடுவில் கொண்டுவந்ததைக் கவனித்தாயா? இனி இந்த மாதிரிக் கணக்கில் ஆக்சிஜன் மோலிலிருந்து நேரே உலோக மோலுக்குத் தாவாதே. ஆக்சைடு எத்தனை மோல் என்று ஒரு வரி எழுது. 0.3-ஐ மூன்றால் வகுத்தால் 0.1 மோல் ஆக்சைடு. ஒவ்வொன்றிலும் உலோகம் இரண்டு, ஆகவே 0.2. இந்த ஒரு வரி இருந்தால் பெருக்குவதா வகுப்பதா என்ற குழப்பமே வராது.

அவகாட்ரோ எண் இங்கே எங்கும் வரவில்லை பார். எங்கள் பக்கம் வெற்றிலையைக் கவுளிக் கணக்கில் வாங்குவோம், கவுளிக்கு நூறு. இரண்டு கவுளிக்கும் மூன்று கவுளிக்கும் விகிதம் பார்க்க நூறு என்ற எண் தேவைப்படாது. மோலும் அப்படியே. அவகாட்ரோ எண்ணான 6.022 × 10²³-ஆல் இரண்டு பக்கமும் பெருக்கினாய், இரண்டும் அடிபட்டுப் போயின, நேரம்தான் போனது. ஒரே ஓர் அணுவின் எடையைக் கிராமில் கேட்டால் மட்டும் அதைத் தேடிப் போ: 26.98-ஐ 6.022 × 10²³-ஆல் வகுத்தால் ஓர் அலுமினிய அணு 4.48 × 10⁻²³ கிராம். ஆம், உன் உலோகம் அலுமினியம். (மோல் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த வில்ஹெல்ம் ஓஸ்வால்ட் அணுக்கள் உண்மையில் இருப்பதாகவே வெகுகாலம் ஒப்புக்கொள்ளாதவர். அணுவை நம்பாமலேயே மோலை வைத்துக் கணக்குப் போட முடிந்திருக்கிறது என்றால், அந்தப் பெரிய எண் இல்லாமல் உன்னாலும் முடியும்.)

டியூஷன் அண்ணா சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னது சரிதான். சொல்லாமல் விட்டது என்ன என்றால், சமான எடை என்பது 8 கிராம் ஆக்சிஜனுடன் சேரும் உலோகத்தின் எடை. 4.8 கிராமுடன் 5.4 சேர்ந்தால் 8 கிராமுடன் 9 சேரும். ஆக்சிஜனின் இணைதிறன், அதாவது பிற அணுக்களைப் பிடிக்கும் கைகளின் எண்ணிக்கை, 2. அணு எடை 16. அதனால் 8 கிராம் என்பது ஆக்சிஜனின் ஒரு 'கை'க்கு உரிய எடை. அந்த ஒரு கையைப் பிடிக்கும் உலோகத்தின் எடைதான் 9. அலுமினியத்துக்கு மூன்று கை, ஆகவே 27. அவருடைய 3-ம் என் 'இரண்டுக்கு மூன்று'ம் ஒரே தகவல்தான், வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. நீட் மாதிரி விடையை மட்டும் குறிக்கும் தேர்வில் அண்ணா வழியில் போ, அரை நிமிடத்தில் முடியும். பள்ளித் தேர்வில் மோல் வழியில் படிப்படியாக எழுது. கடைசி வரியில் தப்பினாலும் முந்திய படிகளுக்கு மதிப்பெண் உண்டு.

உன் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசிக் கேள்விதான். உனக்கு 'இரண்டுக்கு மூன்று' என்று கேள்வித்தாளே சொல்லிவிட்டது. அணு எடைகளை முதலில் பட்டியலிட்ட டால்டனுக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனுக்கு ஓர் ஆக்சிஜன் என்று அவராகவே வைத்துக்கொண்டார், அதுதான் எளிமை என்பதால். 1808-இல் அவர் கொடுத்த கணக்குப்படி ஹைட்ரஜன் 1 என்றால் ஆக்சிஜன் 7. அன்றைய அளவீடு கொஞ்சம் முன்னே பின்னே. ஆனால் துல்லியமாக அளந்திருந்தாலும் அவருக்கு 8 தான் வந்திருக்கும், 16 வந்திருக்காது. அதாவது 18 என்று எழுதிய நீ செய்ததைத்தான் அவரும் செய்தார்: தெரியாத இடத்தில் ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஐம்பது வருடம் ஒரே குழப்பம். இரண்டு பருமன் ஹைட்ரஜனுடன் ஒரு பருமன் ஆக்சிஜன் சேர்கிறது என்று கே-லூசாக் காட்டினார். சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811-இல் அவகாட்ரோ சொன்னார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே தண்ணீரின் வாய்பாடு வந்துவிடும். ஆனால் அதை யாரும் சட்டை செய்யவில்லை. 1858-இல் இத்தாலியின் கானிசாரோ தன் மாணவர்களுக்காக அதை ஒழுங்குபடுத்தி எழுதினார். 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் வேதியியலாளர்கள் கூடிப் பேசி முடிவு எட்டாமல் கலைந்தபோது, அந்தச் சிறு பிரசுரத்தின் பிரதிகள் வந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் இளைஞரான மெண்டலீவும் ஒருவர்.

வாயுவாகாத உலோகங்களுக்கு என்ன வழி? அதற்கு இன்னொரு சாட்சி இருந்தது. 1819-இல் பிரான்சின் டூலாங், பெட்டி இருவரும் ஒன்றைக் கவனித்தார்கள்: திண்மத் தனிமத்தின் தன்வெப்பத்தை, அதாவது ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தை, அணு எடையால் பெருக்கினால் பெரும்பாலான உலோகங்களுக்குக் கலோரிக் கணக்கில் 6.4-ஐ ஒட்டி வருகிறது. இது தோராய விதிதான். கார்பன், போரான், பெரிலியம் எல்லாம் இதற்கு அடங்காதவை. தோராயமே போதும் என்பதுதான் இதன் அழகு. உன் உலோகத்தை எடுத்துக்கொள். அலுமினியத்தின் தன்வெப்பம் 0.215 கலோரி. 6.4-ஐ அதனால் வகுத்தால் 29.8. இதை அணு எடை என்று எழுதினால் முட்டைதான். ஆனால் இதை 9-ஆல் வகுத்துப் பார், 3.3 வரும். இணைதிறன் முழு எண்ணாகத்தான் இருக்க முடியும், ஆகவே 3. இப்போது திரும்பி வந்து 9-ஐ 3-ஆல் பெருக்கு, 27. வாய்பாட்டை யாரும் தராமலேயே அணு எடை கிடைத்துவிட்டது. துல்லியமான எண்ணைத் தராசு கொடுத்தது, எத்தனை மடங்கு என்பதை வெப்பம் சொன்னது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை இண்டியம் என்ற உலோகத்துடையது. 1863-இல் ஜெர்மனியின் ஃபிரைபெர்க்கில் ரைஷ் என்பவர் ஒரு துத்தநாகத் தாதுவை ஆராய்ந்துகொண்டிருந்தார். நிறமாலை பார்க்க வேண்டும், அவருக்கோ நிறக்குருடு. உதவியாளர் ரிக்டரைப் பார்க்கச் சொன்னார். அவர் கண்ணில் பட்டது அதுவரை யாரும் கண்டிராத கருநீலக் கோடு. இண்டிகோ நிறத்திலிருந்து இண்டியம் என்ற பெயர் வந்தது. அதன் சமான எடை 37.8 என்று அளந்தார்கள். துத்தநாகத்துடன் கிடைப்பதால் துத்தநாகம் போலவே இதற்கும் இணைதிறன் 2 என்று எடுத்துக்கொண்டார்கள். அணு எடை 75.6 ஆனது. மெண்டலீவ் தன் அட்டவணையில் அதை வைக்கப் பார்த்தார். 75-இல் ஆர்செனிக் ஏற்கனவே உட்கார்ந்திருந்தது, இடமில்லை. அளவீடு தப்பு என்று அவர் சொல்லவில்லை, இரண்டால் பெருக்கியதுதான் தப்பு என்றார். மூன்றால் பெருக்கினால் 113.4. காட்மியத்துக்கும் வெள்ளீயத்துக்கும் நடுவில் காலியாக இருந்த இடத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தது. அதே சமயத்தில் புன்சென் தன் பனிக்கட்டிக் கலோரிமானியில் இண்டியத்தின் தன்வெப்பத்தை அளந்தார், 0.057. 6.4-ஐ அதனால் வகுத்துப் பார்த்துக்கொள். இன்றைய மதிப்பு 114.82.

உன் பள்ளி ஆய்வகத்திலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்றையும் சொல்கிறேன். மக்னீசியம் நாடா ஒரு மீட்டர் ஏறக்குறைய ஒரு கிராம் இருக்கும். நான்கு சென்டிமீட்டர் துண்டை நேரடியாக நிறுக்கச் சாதாரணத் தராசு போதாது. அதனால் ஒரு மீட்டரை நிறுத்து, கணக்குப் போட்டு வெட்டினால் 0.040 கிராம். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட வேண்டும். வரும் ஹைட்ரஜனைத் தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்த அளவுசாடியில் பிடிக்க வேண்டும். ஒரு மக்னீசிய அணுவுக்கு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு, ஆகவே ஹைட்ரஜன் மோலும் மக்னீசிய மோலும் ஒன்றே. எங்கள் வகுப்பில் ஒருமுறை 43 மில்லி லிட்டர் வந்தது, அறை வெப்பம் 30 டிகிரி. ஒரே அளவை வைத்துக்கொண்டு மூன்று குழுக்கள் மூன்று விடை கொடுத்தன.

முதல் குழு 43-ஐ 22,400-ஆல் வகுத்தது. 0.00192 மோல், அணு எடை 20.8. பூச்சியம் டிகிரிக்கு உரிய பருமனை விருதுநகர் வெயிலில் போட்டால் இப்படித்தான். இரண்டாவது குழு 30 டிகிரியில் ஒரு மோல் வாயு 24.9 லிட்டர் இடம் பிடிக்கும் என்று சரிசெய்தது. 0.00173 மோல், அணு எடை 23.1. மூன்றாவது குழுவில் ஒரு பையன், "சார், சாடிக்குள்ளே ஹைட்ரஜன் மட்டுமா இருக்கு? தண்ணியோட ஆவியும் இருக்கும்ல?" என்றான். அவனை நான் மறக்கவில்லை. 30 டிகிரியில் நீராவியின் அழுத்தம் பாதரசக் கணக்கில் 32 மில்லி மீட்டர். 760-இல் அதைக் கழித்தால் ஹைட்ரஜனுக்கு உரியது 728 தான். 0.00165 மோல், அணு எடை 24.2. அட்டவணையில் 24.305. இங்கேயும் மக்னீசியத்தின் எடை மூவருக்கும் ஒன்றுதான்.

நாடாவைத் தேய்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நீயே யோசித்துப் பார். மேலே படிந்த ஆக்சைடு எடையில் சேரும், ஹைட்ரஜன் தராது. விடை கூடுமா குறையுமா?

இனி 26.98. புள்ளி வந்தாலே ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள்) சராசரி என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். குளோரினுக்கு அது உண்மை. நூறு குளோரின் அணுவில் சுமார் 76 அணு 35 நிறை எண் கொண்டவை, மீதி 24 அணு 37 கொண்டவை, சராசரி 35.45. அலுமினியத்துக்கு அந்தக் கதை செல்லாது. இயற்கையில் கிடைக்கும் அலுமினியம் நடைமுறையில் முழுக்க ஒரே ஐசோடோப்பு, நிறை எண் 27. அப்படியும் 26.98 ஏன்? 13 புரோட்டான், 14 நியூட்ரான், 13 எலக்ட்ரான் ஆகியவற்றைத் தனித்தனியே நிறுத்துக் கூட்டினால் 27.22 வரும். அவை சேர்ந்து ஓர் அணுவாகும்போது பிணைப்பு ஆற்றலாகக் கொஞ்சம் நிறை போய்விடும். கார்பன்-12-லும் அப்படிப் போயிருக்கிறது, ஆனால் அதைச் சரியாக 12 என்று நாமே வைத்துக்கொண்டோம். அலுமினியம் கார்பனைவிடச் சற்று இறுக்கமாகக் கட்டுண்டது, அதனால் 27-க்கு இம்மி கீழே நிற்கிறது. இந்தக் கார்பன் அளவுகோல் 1961-இல் வந்தது. அதற்கு முன் வேதியியலார் இயற்கையில் கலந்து கிடைக்கும் ஆக்சிஜனை 16 என்றார்கள், இயற்பியலார் ஆக்சிஜன்-16 ஐசோடோப்பை மட்டும் 16 என்றார்கள், ஒரே தனிமத்துக்கு இரண்டு அணு எடை புழங்கியது. உன் தேர்வுக்கு 27 போதும்.

அலகு பற்றிச் சுருக்கமாக. ஒப்பு அணு நிறை என்று கேட்டால் அலகு இல்லை, வெறும் 27. மோலார் நிறை என்று கேட்டால் மோலுக்கு 27 கிராம். ஓர் அணுவின் நிறை என்று கேட்டால் 27 அணு நிறை அலகு. அணு எடை என்று பழைய பெயரில் கேட்டாலும் முதலாவதுதான், கிராம் போடாதே. மோலின் வரையறையைக் கேட்டால் 12 கிராம் கார்பனில் ஆரம்பிக்காதே. 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்று எண்ணையே நிலையாக வைத்துவிட்டார்கள். பழைய கைடுகளில் இன்னும் கார்பன்தான் இருக்கும்.

ஒரு கணக்குத் தருகிறேன், வாய்பாடு தர மாட்டேன். 1.12 கிராம் உலோகத்தை மிகுதியான குளோரினில் சூடாக்கினால் 3.25 கிராம் குளோரைடு கிடைக்கிறது. உலோகத்தின் தன்வெப்பம் 0.11 கலோரி. குளோரினுக்கு 35.5 வைத்துக்கொள். குளோரின் 0.06 மோல் வந்தால் நீ சரியான பாதையில் இருக்கிறாய். உலோகம் எத்தனை மோல் என்று எழுதும் இடத்தில் நிறுத்தி, அந்த எண்ணிக்கையை உனக்கு யார் சொன்னது என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிவிட்டு மேலே போ. விடையோடு அந்த வரியையும் அனுப்பு.